பழைய வாசலை அடைப்பது எப்படி: ஒரு சுவரிலிருந்து சில குறிப்புகள்

எங்கள் ஊர் வீடு காவிரிப் படுகையில் இருக்கிறது. சுண்ணாம்புக் காரையும் சின்னச் செங்கல்லும் வைத்துக் கட்டிய, தொண்ணூறு வயதைத் தாண்டிய வீடு. அதன் தெற்குச் சுவர் ஒரு சந்தை ஒட்டி ஓடுகிறது. அந்தச் சுவரில் இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று சமையற்கட்டுக்கு, இன்னொன்று நெல் அறைக்கு. சமையற்கட்டு வாசலை 1998-ல் அப்பா அடைத்தார். ஒரே நாள் வேலை. காலையில் செங்கல் இறங்கியது, சாயங்காலம் பூச்சும் முடிந்துவிட்டது.

இருபத்தைந்து வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒரு விசித்திரம். அடைத்த இடம் கல்லு மாதிரி நிற்கிறது. அதற்கு இரண்டு பக்கமும் உள்ள பழைய சுவர்தான் உதிர்கிறது. வெள்ளையாக உப்பு பூத்து, செங்கல் மாவு மாவாகத் தரையில் கொட்டிக் கிடக்கிறது. சுவரில் யாரோ பென்சிலால் ஒரு கதவை வரைந்த மாதிரி, பழைய வாசலின் ஓரம் முழுக்க விரிசல். புதுசாகக் கட்டியது நன்றாக இருக்க, பழசு ஏன் கெட்டது? அதை யோசிக்கப் போய்த்தான் இந்தக் குறிப்புகள் சேர்ந்தன. ஏனென்றால் நெல் அறை வாசலையும் இந்த வருஷம் அடைத்தாக வேண்டியிருந்தது.

ஏன் அடைக்கணும்?

காரணம் ரோடு. நான் சின்னப் பையனாக இருந்தபோது சந்திலிருந்து இரண்டு படி ஏறித்தான் நெல் அறைக்குள் போவோம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டார்கள், பிறகு அதன் மேல் சிமெண்ட். நாற்பது வருஷத்தில் சந்து ஒன்றரை அடி உயர்ந்துவிட்டது. இப்போது வாசற்படிக் கல்லை விடச் சந்து நாலு அங்குலம் மேலே இருக்கிறது. தமிழ்நாட்டில் பலருக்கும் தெரிந்த கதைதான் இது. பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் மாநில அரசே அறிவுறுத்தியது. ஆனால் ஏற்கெனவே உயர்ந்த ரோடு இறங்கப் போவதில்லை.

ஐப்பசி மழையில் தண்ணீர் நேராக உள்ளே வருகிறது. அந்த அறையில் இப்போது நெல் இல்லை, அத்தை இருக்கிறார். முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. போன மழையில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தினோம். அதனால் அடைப்பதா வேண்டாமா என்று விவாதிக்க இடமில்லை. எப்படி அடைப்பது என்பது மட்டும்தான் கேள்வி.

மேலே இருக்கும் எடை

வாசலை அடைத்தால் மேலே உள்ள சுவரைப் புதுக் கட்டு தாங்கிக்கொள்ளும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தச் சுவரை இத்தனை வருஷமாக உத்திரமோ வளைவோ ஏற்கெனவே தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

செங்கற் சுவரில் ஒரு திறப்பு இருந்தால், அதற்கு மேலே உள்ள எடை முழுதும் அதன் மேல் விழாது. செங்கற்கள் ஒன்றின் மேல் ஒன்று மாறி மாறி அமர்ந்திருப்பதால் எடை இரண்டு பக்கமும் வழிந்து போய்விடுகிறது. ஒரு முக்கோணப் பகுதியின் எடைதான் திறப்பின் மேல் மிஞ்சும். எங்கள் வாசல் மூன்றரை அடி அகலம், சுவர் 14 அங்குலம் கனம். முக்கோணத்தைச் சமபக்கமாக வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 320 கிலோ வருகிறது. அந்த முக்கோணத்துக்குள் கூரையின் விட்டம் ஏதாவது வந்து உட்கார்ந்தால் கணக்கே மாறிவிடும். அதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் விட்டம் எதுவும் அங்கே இல்லை.

இதற்கு நேர்மாறாக, அடைப்பின் சொந்த எடை என்ன? மூன்றரை அடி அகலம், ஆறரை அடி உயரம், 14 அங்குலம் கனம் என்றால் கிட்டத்தட்ட 1,400 கிலோ. இத்தனை காலம் மனிதர்கள் மிதித்து நடந்த இடத்தில் திடீரென்று ஒன்றரை டன் அளவுக்கு எடையை ஏற்றுகிறோம். அப்பா காலத்து வேலையில் யாரும் இதை யோசிக்கவில்லை.

கீழே என்ன இருக்கிறது?

ஆகவே முதல் வேலை, தோண்டிப் பார்ப்பது. வீடு கட்டும்போதே விட்ட வாசலாக இருந்தால் கடைக்கால் பெரும்பாலும் வாசலுக்கு அடியிலும் தொடர்ந்து ஓடும். பிறகு சுவரை உடைத்து வைத்த வாசலாக இருந்தாலும் கீழே கடைக்கால் இருக்கும். ஆனால் சில வீடுகளில் வாசலுக்கு அடியில் வெறும் மண்ணும் மேலே ஒரு கல்லும்தான். அதன் மேல் சுவர் எழுப்பினால் புதுப் பகுதி மட்டும் இறங்கும், பழைய சுவர் அப்படியே நிற்கும், நடுவில் விரிசல் விழும்.

மேஸ்திரி உள்பக்கம் இரண்டடி ஆழத்துக்கு ஒரு குழி எடுத்தார். கடைக்கால் தொடர்ந்து ஓடுகிறது. அதன் மேல் ஆறு அங்குலக் கனத்தில் ஒரே கருங்கல், அதுதான் வாசற்படி. கல்லின் இரண்டு முனையும் சுவருக்குள் நாலு அங்குலம் போயிருக்கிறது. கல்லை எடுத்துவிட்டுச் செங்கல்லாகவே கொண்டுவந்தால் ஒழுங்காக இருக்கும் என்றார் மேஸ்திரி.

அத்தை கட்டிலில் இருந்தபடியே, "அந்தப் படிக்கல்ல மட்டும் எடுக்காத தம்பி. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார்.

அவர் சொன்ன காரணம் வேறு. ஆனால் கட்டுமானப்படியும் அதுதான் சரி. கருங்கல் செங்கல் மாதிரி ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றாது. சுவரின் முழுக் கனத்துக்கும் கிடக்கும் அந்தக் கல், புதுக் கட்டுக்குக் கீழே ஒரு ஈரத்தடுப்பு மாதிரி வேலை செய்யும். தவிர, அதைப் பெயர்த்தால் இரண்டு பக்கமும் பழைய சுவரின் அடியை உடைக்க வேண்டியிருக்கும். கல் அங்கேயே இருக்கிறது.

மரத்தை உள்ளே விடக்கூடாது

1998-ல் கதவை மட்டும் கழற்றிவிட்டு நிலையை அப்படியே வைத்துக் கட்டிவிட்டார்கள். நிலை நல்ல மரம், பலம் கொடுக்கும் என்று சொன்னார்களாம். சுவருக்குள் அடைபட்ட மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். சுருங்கிய இடுக்கில் தண்ணீர் இறங்கும், பின்னாலேயே கரையான் வரும். பென்சில் கோடு மாதிரி விரிசல் என்று சொன்னேனே, அது அந்த நிலை இருந்த இடம்தான். இப்போது தட்டினால் உள்ளே வெற்றுச் சத்தம் கேட்கிறது.

ஆனால் நிலையைச் சட்டென்று பிடுங்கவும் கூடாது. பழைய வீடுகளில் கனமான நிலைகள் சில சமயம் மேலே உள்ள சுவரையும் தாங்கிக்கொண்டிருக்கும். நிலையின் மேல் சட்டத்துக்கும் அதன் மேல் உள்ள கட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய ரம்பத் தகட்டை நுழைத்துப் பார்க்கலாம். தாராளமாகப் போனால் எடை இல்லை, இறுகப் பிடித்தால் எடை இருக்கிறது என்று ஓரளவு தெரியும். எப்படியிருந்தாலும் முட்டுக் கொடுத்துவிட்டு எடுப்பதுதான் நல்லது. எங்கள் நிலைக்கு மேலே பலகைகள், அதற்கும் மேலே ஒரு செங்கல் வளைவு இருந்தது. வளைவு நன்றாக இருந்தது. பலகைகள் பாதி கரையான். இரண்டு முட்டு வைத்து, நிலை, பலகைகள், அவற்றுக்கும் வளைவுக்கும் இடையில் இருந்த தளர்ந்த செங்கற்கள் எல்லாவற்றையும் எடுத்தோம். புதுக் கட்டை நேராக வளைவின் அடிவரை கொண்டுபோனோம்.

பல் விட்டுக் கட்டுவது

பழைய சுவரின் ஓரத்தில் புதுச் செங்கல்லை வெறுமனே ஒட்டி வைத்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டு இணைப்பு கிடைக்கும். அது இணைப்பே இல்லை என்று சொல்லலாம். பழைய சுவரில் அங்கங்கே குழி எடுத்து, புதுக் கட்டு அதற்குள் பல் மாதிரி நுழைய வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். பழைய செங்கல் இரண்டு அங்குல உயரம். காரை அரை அங்குலம். ஆக ஒரு வரிக்கு இரண்டரை அங்குலம். இப்போது கிடைக்கும் செங்கல் மூன்று அங்குலம், கலவையோடு மூன்றரை. ஒவ்வொரு வரியிலும் பல் விட முடியாது, மட்டமே சேராது. மேஸ்திரி ஒரு குச்சியில் இரண்டு அளவையும் கோடு போட்டுக் காட்டினார். பழைய வரி ஏழு என்றால் பதினேழரை அங்குலம். புது வரி ஐந்து என்றாலும் பதினேழரை. ஆக ஒவ்வொரு பதினேழரை அங்குலத்துக்கும் பழைய மட்டமும் புது மட்டமும் ஒன்று சேர்ந்துவிடும். அந்த இடத்தில் பழைய வரி மூன்றின் உயரத்துக்கு, நாலு அங்குல ஆழத்தில் ஒரு குழி. அதற்குள் புது வரி இரண்டு நுழையும். மிச்சம் அரை அங்குலத்தைக் கலவையும் ஓட்டுச் சில்லும் வைத்து இறுக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு நாலு குழி, மொத்தம் எட்டு.

குழியை உளியால் மட்டும்தான் எடுத்தோம். மின்சாரச் சுத்தியல் அதிர்ச்சியில் பழைய காரை ஓரடி தூரத்துக்குத் தளர்ந்துவிடும். எட்டுக் குழியையும் ஒரே நாளில் எடுக்கவும் இல்லை. கட்டு எந்த உயரத்துக்கு வருகிறதோ, அந்த உயரத்துக் குழியை மட்டும்.

குழி எடுக்க முடியாத அளவுக்குச் சுவர் பலவீனமாக இருந்தால், பழைய சுவரில் துளை போட்டுக் கம்பி வைத்துப் புது வரிகளோடு இணைக்கலாம். ஆனால் துருப்பிடிக்காத எஃகு வேண்டும். சாதாரணக் கம்பி ஈரச் சுவரில் துருவேறி ஊதும், ஊதினால் செங்கல்லைப் பிளக்கும்.

கலவை: விசித்திரத்துக்கு விடை

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே விடும், வெளியேயும் விடும். தரையிலிருந்து ஏறும் ஈரமும் மழை ஈரமும் சுவரின் முகம் முழுக்கப் பரவி ஆவியாகிப் போகும். 1998-ல் அடைத்தது கெட்டியான சிமெண்ட் கலவையில். இரண்டு பக்கமும் சிமெண்ட் பூச்சு. அந்த மூன்றரை அடியில் ஈரம் வெளியேற வழியில்லை. அது பக்கவாட்டில் நகர்ந்து, வழி கிடைத்த இடத்தில், அதாவது பக்கத்துப் பழைய சுவரில், ஆவியாகிறது. தண்ணீர் போய்விடும், அதில் கரைந்திருந்த உப்பு செங்கல்லின் நுண்துளைகளில் தங்கிப் படிகமாகும். படிகம் வளர வளர உள்ளிருந்து செங்கல்லை உடைக்கும். அப்பாவின் அடைப்பு கெட்டியாக நின்றதற்கும் பக்கத்துச் சுவர் உதிர்ந்ததற்கும் ஒரே காரணம்தான்.

அதனால் எனக்குக் கிடைத்த ஒரே பெரிய பாடம் இது: அடைக்கும் பகுதி பழைய சுவரை விட பலமாக இருக்கக்கூடாது, பழைய சுவரை விட இறுக்கமாகவும் இருக்கக்கூடாது. கலவை எப்போதும் செங்கல்லை விட ஒரு படி மெத்தென்று இருக்க வேண்டும். விரிசல் வந்தாலும் கலவையில் வரட்டும், அதைத் திரும்பப் பூசிக்கொள்ளலாம். செங்கல் போனால் திரும்ப வராது.

டெல்டா பக்கம் பழைய வீடுகளில் கிளிஞ்சல் சுண்ணாம்பு அதிகம். அது சுத்தமான சுண்ணாம்பு, காற்றில் உள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும். ஈரமான இடத்தில், காற்றுப் படாத இடத்தில் அது சரியாக இறுகாது. அதற்குத்தான் சுர்க்கி, அதாவது செங்கல் தூள். அதிகம் வேகாத செங்கல்லின் தூள் சுண்ணாம்போடு வினைபுரிந்து ஈரத்திலும் இறுகும். நாங்கள் சுண்ணாம்பு ஒரு பங்கு, சுர்க்கி ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு என்று வைத்தோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கிடைக்காவிட்டால் சிமெண்ட் ஒன்று, சுண்ணாம்பு இரண்டு, மணல் ஒன்பது என்ற கலவை ஓரளவு சமரசம். வெறும் சிமெண்டும் மணலும் மட்டும் வேண்டாம்.

அடி இரண்டடிக்கு நன்றாக வெந்த, தட்டினால் கணீர் என்று சத்தம் வரும் செங்கல்லாகப் பொறுக்கிப் போட்டோம். எல்லாச் செங்கல்லையும் தொட்டியில் ஊறவைத்து, பழைய சுவரின் ஓரத்தையும் நனைத்த பிறகுதான் வேலை. காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், பிறகு அது இறுகாது, பொடியாகும்.

மெதுவாக

அப்பாவின் வேலை ஒரு நாள். இது மாசி மாதத்தில் பன்னிரண்டு நாள். ஒரு நாளைக்கு இரண்டடிக்கு மேல் கட்டவில்லை. சுண்ணாம்புக் கலவை மெதுவாகத்தான் பிடிக்கும், மேலே எடை ஏற ஏற அடிவரி பிதுங்கும். கட்டின மேல் ஈரச் சாக்குப் போட்டு வைத்தோம். வெயில் பட்டுச் சீக்கிரம் காய்ந்தால் வெடிக்கும்.

புதுக் கட்டு எதுவானாலும் கொஞ்சம் அமரும். அதனால் வளைவுக்கு அடியில் கடைசி ஒரு அங்குலத்தை விட்டுவிட்டு ஒரு வாரம் காத்திருந்தோம். பிறகு கெட்டியாகப் பிசைந்த கலவையையும் ஓட்டுச் சில்லையும் வைத்து அடைத்தோம். சுத்தியலால் அடித்து ஏற்றக்கூடாது. வளைவு கீழ்நோக்கித் தள்ளப்படத்தான் கட்டப்பட்டது, மேல்நோக்கி அல்ல.

இன்னொன்று, காற்று. வாசலை அடைத்தால் வெளிச்சமும் காற்றும் சேர்ந்தே அடைபடும். ஈரமான அறையில் காற்று இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே மேல்பகுதியில் ஒன்றேகால் அடிச் சதுரத்தில் ஒரு காற்றுத்துளை விட்டு, மேலே கடப்பாக் கல் வைத்தோம்.

வெளிப்பக்கம், சுவரை ஒட்டி எங்கள் பட்டா இடத்துக்குள் ஒன்றரை அடி அகலத்தில் பள்ளம் எடுத்துப் பெருஞ்ஜல்லி நிரப்பினோம். தண்ணீர் வாய்க்காலுக்கு ஓடும்படி சாய்வு. சந்து மட்டத்துக்குக் கீழே இருக்கும் சுவரில் தண்ணீர் தேங்கி நின்றால் எந்தக் கலவையும் காப்பாற்றாது. பூச்சும் சுண்ணாம்புதான், மேலே சுண்ணாம்பு வெள்ளை. பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் இத்தனை வேலையும் வீண்.

அடையாளம் வேண்டுமா, வேண்டாமா?

கடைசியாக ஒரு கேள்வி. அடைத்தது தெரியாமல் பூசி மறைப்பதா, தெரியும்படி விடுவதா?

பெத்லகேமில் உள்ள பிறப்புத் தேவாலயத்தின் முகப்பு இதற்கு நல்ல உதாரணம். இன்று உள்ளே போகும் வாசல் நாலடி உயரம்தான், குனிந்துதான் போக வேண்டும். அதைச் சுற்றியுள்ள சுவரைக் கவனித்தால் மூன்று வாசல்கள் தெரியும். மேலே 6-ஆம் நூற்றாண்டின் அகலமான வாசலுக்கு உரிய உத்திரக்கல். அதற்குக் கீழே சிலுவைப்போர்க் காலத்தின் கூர்வளைவு, அதுவும் அடைபட்டது. அதற்கும் கீழே இந்தச் சின்னத் திறப்பு. அடைத்தவர்கள் மறைக்காமல் விட்டதால், ஒரு கட்டிடம் எப்படித் தன் வாசலைச் சுருக்கிக்கொண்டே வந்தது என்று எழுத்தில்லாமலே படிக்க முடிகிறது.

ரோமில் புனித பேதுரு பேராலயத்தில் ஒரு கதவு, திரும்பத் திறப்பதற்கென்றே அடைக்கப்படுவது. யூபிலி ஆண்டில் மட்டும் திறந்து, முடிந்ததும் சுவர் எழுப்பிவிடுவார்கள். 1974 கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் ஆறாம் பவுல் அதைத் திறந்தபோது சுவரின் துண்டுகள் அவருக்குப் பக்கத்திலேயே விழுந்தன. அதற்குப் பிறகு முறையை மாற்றி, கதவுக்கு உள்பக்கமாகச் சுவர் கட்டுகிறார்கள்.

எங்கள் சுவர் அந்த அளவுக்குப் பெரியது இல்லை. ஆனாலும் புதுக் கட்டை வெளிமுகத்தில் அரை அங்குலம் உள்ளடக்கிப் பூசினோம். சந்தில் நடப்பவருக்கு இங்கே ஒரு வாசல் இருந்தது என்று தெரியும். பின்னால் யாராவது திறக்க நினைத்தால் எங்கே உடைக்கலாம் என்றும் தெரியும், வளைவு எங்கே என்று தேட வேண்டியதில்லை. சுண்ணாம்புக் கட்டு என்பதால் செங்கல் உடையாமல் கழன்று வரும்.

படிக்கல் உள்பக்கம் சுவரைத் தாண்டி நாலு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அத்தையிடம் அதற்கான காரணத்தைப் பிறகு கேட்டேன். "அறுவடை முடிஞ்சு முதல் மூட்டைய அந்தக் கல்லுலதான் எறக்குவாங்க. உங்க தாத்தா அதுல மஞ்சத்தண்ணி தெளிச்சிட்டுத்தான் உள்ள எடுக்கச் சொல்லுவாரு" என்றார். இப்போது அதில் அவருடைய தண்ணீர்ச் சொம்பு இருக்கிறது.

இந்த ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து போய்ப் பார்த்தேன். கட்டில் தரையிலேயே இருக்கிறது. வளைவுக்கு அடியில் முடி மாதிரி ஒரு விரிசல், கலவையில்தான். சுண்ணாம்புப் பாலை இரண்டு தடவை தடவினால் மூடிவிடும் அளவுக்கானது. இரண்டு பக்கமும் பழைய சுவரைக் கையால் தடவினேன், மாவு ஒட்டவில்லை. அடுத்தது சமையற்கட்டுப் பக்கம். அப்பாவின் சிமெண்ட் பூச்சைப் பழைய சுவருக்குச் சேதமில்லாமல் எடுக்க வேண்டும். தை பிறந்ததும் மேஸ்திரி வருகிறேன் என்றிருக்கிறார்.